உ போட்ட கோப்புறை

பெண்டாங் பக்கத்துத் தோட்டக் கோயில் அலுவலகக் கணினியைத் திறந்தால், திரையின் மூலையில் இன்றும் ஒரு கோப்புறை தெரியும். அதன் பெயருக்கு முன்னால் 'உ' என்று ஒரு பிள்ளையார் சுழி. கணினிக்குச் சுழி போட்ட மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்: அந்தக் கோயிலின் பழைய பொருளாளர் அண்ணன்.

தேர்த் திருவிழாவுக்கு அர்ச்சனைச் சீட்டைக் கணினியிலேயே அச்சடிக்கலாம் என்று கூட்டத்தில் அடம்பிடித்தவர் அவர். கையால் எழுதியே பழகியவர்கள், "சொதப்புனா பதவிய விட்டுடணும்" என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, ஜித்ராவில் கணினி பழுதுபார்க்கும் என்னைக் கூப்பிட்டார். கோயில் கணினியில் ஓடியது லினக்ஸ் இயங்குதளம். நிரல்களை ஓட்டும் பைத்தான் அதனுடனேயே வந்தது, ஆனால் பழையது. சீட்டு மென்பொருளுக்கோ புதியது வேண்டும். "பழச எடுத்துட்டுப் புதுசப் போடு லா தங்கச்சி. ஒரே வீட்டுல ரெண்டு எதுக்கு?" என்றார். பழையதைப் பிடுங்கினால் அதை நம்பியிருக்கும் லினக்ஸின் சொந்த வேலைகள் பல படுத்துவிடும். இதை அவருக்கு எப்படிச் சொல்வது? "அண்ணே, தேருக்கு மூலவரையா பேத்து எடுக்கிறோம்? அவரு அவரு இடத்துல இருக்காரு. ஊர்வலத்துக்கு உற்சவர் தனியா இருக்காருல்ல?" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. புதிய பைத்தானையும் சீட்டு மென்பொருளையும் தனிக் கோப்புறை ஒன்றில் நிறுவிக் கொடுத்தேன். சோதனைச் சீட்டு அழகாக வந்தது.

தேர் நாள் காலையில் தொலைபேசியில் அவர் குரலே சரியில்லை. "தங்கச்சி, சீட்டு வரல. மெஷினே ரோசாக், கெட்டுப்போச்சு போல. ஜனம் வாசல் வரைக்கும் நிக்குது."

நான் போய்ச் சேர்ந்தபோது செயலாளர் பழைய சீட்டுக் கட்டுகளை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டார். அண்ணன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகக் கணினி முன் உட்கார்ந்தேன். நல்லவேளை, கணினியில் மற்ற எல்லாம் ஓடின. சீட்டு மென்பொருள் மட்டும் தன் பைத்தானைக் காணாமல் நின்றது. பார்த்தால், கோப்புறையின் பெயருக்கு முன்னால் ஓர் 'உ'! கணினிக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டிய மனிதர், புதுக் கணக்கு தொடங்குவதுபோல அதற்கும் சுழி போட்டிருக்கிறார். பெயர் மாறியதும் பழைய வழியில் தேடிய மென்பொருளுக்கு இடம் தெரியவில்லை. "நல்லதுக்குத்தானம்மா போட்டேன்" என்றார். கோபம் வரவேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. தனியாக வைத்ததால் கோளாறும் அந்த மூலையோடு நின்றது. பெயரைத் திருத்தினேன். முதல் சீட்டு வெளியே வந்ததும் அண்ணன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "அப்போ சுழி வேணாமா?" என்று மெதுவாகக் கேட்டார். மனம் கேட்கவில்லை. அந்தக் கோப்புறைக்கே போகும் ஒரு குறுக்குவழியை உருவாக்கி, அதற்கு 'உ' போட்டுத் திரையில் வைத்தேன்.

அண்ணன் இப்போது பண்டார் பாருவில் மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் புதிய நிர்வாகம் சொல்லி, கணினியில் லினக்ஸையே புதிய பதிப்புக்கு மாற்றினேன். மூலவருக்கே கும்பாபிஷேகம். முடித்ததும் பயந்துகொண்டே அந்த 'உ'வைத் திறந்து ஒரு சீட்டு அடித்தேன், வந்தது. உடனே அவரைத்தான் அழைத்தேன்.

முழுதாகச் சொல்ல விடவில்லை. "சுழி இருக்கா?"

"இருக்குண்ணே."

"அப்பத் தேரு ஓடும் லா."