வெள்ளிக்கிழமை ஹாகிஸ்

இலவச வகுப்பு எங்கே நடந்தாலும் அப்பா என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். அப்படித்தான், மெல்பேர்ன் புறநகரான கிளென் வேவர்லியில் யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்குப் பிறந்த நான், ஒன்பது வயதில் ஸ்கொட்லாந்துக்காரரின் வாத்தியக் குழுவில் மேளம் அடிக்கப் போனேன். கட்டம் போட்ட கில்ட் பாவாடையோடு கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

நவம்பர் முடிவில் அவர்களுடைய புனித அந்திரேயரின் நாள் வந்தது. மெல்பேர்ன் நகரத்து மண்டபமொன்றில் விருந்து. பேக்பைப் ஊதுபவருக்குப் பின்னால் ஹாகிஸ் என்ற பண்டத்தைத் தட்டில் ஏந்தி வருவதுதான் அன்றைக்கு முக்கியம். இந்த முறை குழுவின் கடைக்குட்டி தூக்கட்டும் என்றார் மாஸ்டர். கடைக்குட்டி நான்தான்! அந்தக் கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஹாகிஸ் என்பது ஆட்டின் ஈரலையும் இதயத்தையும் கொத்தி, ஓட்ஸ் சேர்த்து, இரைப்பைக்குள் அடைத்து அவிப்பது. அந்த நாளோ வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் முட்டைகூட அடுப்பேறாது. அம்மாவுக்குத் தெரிந்தால் அந்தத் தட்டைத் தொடவே விடமாட்டார்.

"அது என்ன சாமான், பிள்ளை?"

"கேக் மாதிரி ஒண்டு அம்மா." கூசாமல் சொன்னேன்.

புனிதர் என்றதுமே அம்மா அதை நாயன்மார் குருபூசையோடு சேர்த்துவிட்டார். அன்று முழுகி, திருநீறு பூசி, பின்னேரம்வரை விரதம் இருந்தார். வீட்டு ரோசாக்களின் இதழ்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். அப்பாதான் பாவம், பசியில் முகம் சுருங்கிப்போயிருந்தார்.

பேக்பைப் அலறியது. நான் தட்டோடு நுழைந்தேன். மண்டபமே எழுந்து நின்று தாளத்துக்குக் கைதட்டியது. என் கால் நிலத்தில் படவில்லை! எங்கள் மேசையடியில் அம்மா கண்மூடிக் கும்பிட்டார். பிறகு இதழ்களை அள்ளி ஹாகிஸின்மேல் தூவினார். பக்கத்தில் நின்ற ஸ்கொட்லாந்துக் கிழவர் இதுவும் வழக்கம்தானாக்கும் என்று நினைத்து, மேசைப் பூச்சாடியிலிருந்து ஒரு பூவைப் பிடுங்கிப் போட்டார்.

தட்டை இறக்கிவைத்துவிட்டு மேடையேறி மேளத்தை எடுத்தேன். பரிமாறத் தொடங்கினார்கள். அம்மா தன் சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்ததைக் கொஞ்சம் எடுத்து, பிரசாதம்போலக் கண்ணில் ஒற்றினார். எனக்கு அடி பிசகியது. என் பொய்யால் அம்மாவின் விரதம் முறியப்போகிறது! மேளத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அம்மா, சாப்பிடாதேங்கோ! அது ஆட்டிறைச்சி!"

"ஓம், தெரியும். எனக்குத் தந்தது மரக்கறி ஹாகிஸ். போன கிழமையே உங்கட மாஸ்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டன். நீ போய் மேளத்தை அடி."

ஏச்சு விழவில்லை! அந்தச் சந்தோஷத்தில் மேளத்தோல் கிழியும்படி அடித்தேன். வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்த அம்மா, விரத நாளில், இறைச்சித் தட்டை ஏன் கும்பிட்டுப் பூத் தூவினார் என்று கேட்கும் வயது எனக்கில்லை. கேட்டபோது எனக்கே ஒரு மகள் இருந்தாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதுக்குள்ள என்ன கிடந்தா எனக்கென்ன? தூக்கிக்கொண்டு வந்தது நீயெல்லோ!"