ஜஹனாராவுக்குக் குறைந்த இரண்டு மணி நேரம்

டாக்டர் ஜஹனாராவை அந்த ஞாயிற்றுக்கிழமை அடையாறுக்கு இழுத்துக்கொண்டு போனவன் நான்தான். இழுத்துக்கொண்டு என்பது மிகையில்லை. அவள் க்ளினிக் இருக்கும் தி.நகர் சந்துமுனையில் காரை நிறுத்தி, அவள் வெளியே வரும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. எதிர்க்கடைக்காரர் என்னைத் திட்டினார். நானும் அவரைத் திட்டினேன்.

எங்கள் தொழிலில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முப்பது மணி நேரம் படித்ததாகக் காட்ட வேண்டும். வீட்டில் உட்கார்ந்து புத்தகம் புரட்டினால் அது செல்லாது. மெடிக்கல் கவுன்சில் முன்கூட்டியே தலைப்பையும் பேச்சாளரையும் பார்த்து அங்கீகாரம் கொடுத்த கருத்தரங்கமாக இருக்க வேண்டும். காலையில் ஒரு கையெழுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கையெழுத்து. கடைசிவரை உட்கார்ந்தவருக்குத்தான் சர்டிபிகேட். அதைக் கவுன்சில் இணையதளத்தில் ஏற்றினால் மணி நேரம் நம் பெயரில் ஏறும்.

ஜஹனாராவுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் குறைந்தது. மாதக் கடைசியில் பதிவு முடிகிறது. அதற்குள் இதை விட்டால் வேறு நிகழ்ச்சி இல்லை. பதிவு போய்விட்டால் க்ளினிக்கைத் திறக்கக் கூடாது. அறுபத்திரண்டு வயதில் அலைந்து திரிந்து அதைத் திரும்ப வாங்குகிற ஆள் இல்லை அவள். இதையெல்லாம் நினைத்துத்தான் ஹாரன் அடித்தேன்.

நாங்கள் இருவரும் கல்லூரியில் ஒரே செட். அவள் ராயப்பேட்டையில் குடை ரிப்பேர்க் கடை வைத்திருந்த அப்துல் சமத்தின் மகள். அந்தக் குடும்பத்தின் முதல் டாக்டர். மேற்படிப்புக்குப் பரீட்சை எழுதப் போனவள், பாதியில் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். கேட்டதற்கு, "ஒரே ஒரு உறுப்பை மட்டும் பாத்துக்கிட்டு ஆயுசு பூரா எப்படி உக்கார்றது ஹரி?" என்றாள். நான் ஒரு உறுப்பைப் பிடித்துக்கொண்டு வசதியாக வாழ்ந்துவிட்டேன்.

அவளிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் உஸ்மான் சாலைத் துணிக்கடைகளில் வேலை செய்கிறவர்கள். நாள் முழுக்க நின்று கால் வீங்கிய பெண்கள். பாத்ரூம் போக விடமாட்டார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்போடு வருகிறவர்கள். ஷட்டர் திறப்பதற்கு முன்னால் காட்டிவிட்டு ஓட வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்துவிடுவாள். கருத்தரங்கமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். மணி நேரம் எப்படிச் சேரும்?

ஊசிக்கு அவள் பரம எதிரி. பூ விற்கிற அம்மாள் ஒருத்தி என் எதிரிலேயே சண்டை போட்டாள்.

"இன்னா டாக்டரு நீ, ஜொரம்னு வந்தா ஒரு ஊசி கூட போட மாட்டன்ற?"

"ஊசி வேணும்னா டைலர் கடைக்குப் போ," என்றாள் ஜஹனாரா. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே மாத்திரையை வாங்கிக்கொண்டு போனாள்.

அவளிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. யாராவது வராமல் நின்றுவிட்டால், "சரியாப் போயிருக்கும்" என்பாள். ஒற்றை அறை க்ளினிக் நடத்துகிற எல்லோருக்கும் உள்ள நம்பிக்கைதான் இது. வந்தவன் நோயாளி, வராதவன் குணமானவன். அப்படி நினைக்காவிட்டால் ராத்திரி தூக்கம் வராது.

அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையின் அரங்கு. வாசலில் மருந்துக் கம்பெனி மேஜைகள், பை, பேனா. பாதிப் பேர் இட்லி சாப்பிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியம் மறுபடி வந்து கையெழுத்துப் போடலாம் என்று நழுவினார்கள். இந்த நழுவல் பேர்வழிகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜஹனாரா மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

மதியத்துக்கு முந்தைய கடைசிப் பேச்சு முதுகுத்தண்டு டிபி பற்றி. பேசியவர் கீர்த்தி என்ற இளம் டாக்டர்.

"ஒரு கேஸ் சொல்றேன். டெக்ஸ்டைல் ஷோரூம்ல வேலை. நாப்பத்தாறு வயசு. நாலு மாசமா முதுகு வலி. ஒரு லோக்கல் டாக்டர் வலி மாத்திரையும் இடுப்பு பெல்ட்டும் குடுத்தே ஓட்டியிருக்கார். எங்ககிட்ட வர்றப்போ ரெண்டு காலும் அசையல."

அரங்கு உச்சுக் கொட்டியது. நானும் கொட்டினேன்.

அடுத்த படம் வந்தது. முகம் இல்லை, முதுகு மட்டும். நடுமுதுகில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு பழைய தழும்பு, கோணலாக ஓடியது. பக்கத்தில் ஜஹனாரா முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"ஹரி, அது நான் போட்ட தையல்," என்றாள் மெதுவாக. "வெள்ளம் வந்த வருஷம். துணிக்கடை ரேக் சரிஞ்சு முதுகுல விழுந்துச்சு. கரண்ட் இல்ல, டார்ச் வெளிச்சத்துல போட்டேன். அதான் கோணல். அது ஜவஹர். முதுகு வலின்னு எங்கிட்ட வந்துட்டு, நடுவுல நின்னுட்டார்."

"சும்மா இரு. தழும்பு எல்லாருக்கும் இருக்கும்."

"லோக்கல் டாக்டர் நான்தான்."

கேள்வி நேரம் வந்தது. அவள் எழுந்தாள். கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்தேன். இருநூறு டாக்டர்கள், கவுன்சில் அனுப்பிய பார்வையாளர் ஒருவர், எல்லோர் முன்னாலும் இது தேவையா என்று எனக்குக் கோபம் வந்தது. பையை என் கையிலேயே விட்டுவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க சொன்ன அந்த லோக்கல் டாக்டர் நான்தாம்மா. எந்த விசிட்ல நான் எக்ஸ்ரே எடுத்திருக்கணும்?"

கீர்த்தியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெண் மழுப்பவில்லை. அதற்காக அவளை எனக்குப் பிடித்துப்போனது.

"சாயங்காலம் காய்ச்சல் அடிக்குதுன்னு அவர் உங்ககிட்ட சொன்னாரா மேடம்?"

"ரெண்டாவது தடவை வந்தப்போ சொன்னார். நாள் முழுக்க ஏசியில நின்னுட்டு வெயில்ல வெளிய வர்றாங்க, அதனாலன்னு நினைச்சேன்."

"அப்ப எடுத்திருக்கலாம் மேடம். அப்ப எடுத்திருந்தா கால் போயிருக்காது."

"சரிம்மா," என்றாள் ஜஹனாரா. உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டே நின்றார்கள். அவள் சாப்பிடவில்லை. வராந்தாவில் நின்று ஜவஹரின் நம்பருக்குப் போன் செய்து, சாயங்காலம் வரலாமா என்று கேட்டாள். பிறகு உள்ளே வந்து கடைசிவரை உட்கார்ந்தாள், கையெழுத்துப் போட்டாள், சர்டிபிகேட்டை வாங்கினாள். காரில் ஏறியதும் சொன்னாள்.

"இதை ஏத்தப் போறதில்ல ஹரி. இந்த மாசத்தோட முடிச்சுக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? நம்ம தொழில்ல யார் கண்ணுக்கு ஒரு நோய் கூடத் தப்பினதில்ல?"

"உன் கண்ணுக்குத் தப்பினவங்க யாரு, சொல்லு."

என்னிடம் வராமல் போனவர்களை நானும் தேடிப் போனதில்லை. ஜவஹர் வீடு இருக்கும் நங்கநல்லூருக்குக் காரைத் திருப்பினேன்.

வேலை போன பிறகு ஜவஹர் குடும்பம் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு சின்ன போர்ஷனுக்கு மாறியிருந்தது. கதவைத் திறந்தவர் அவர் மனைவி தங்கபுஷ்பம். பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். வாங்க என்று சொல்லவில்லை, விலகி வழிவிட்டார். கட்டிலில் இருந்த ஜவஹர், பக்கத்தில் கிடந்த வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தார். டாக்டருக்கு மரியாதை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"உக்காருங்க, உக்காருங்க," என்று ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தாள் ஜஹனாரா. "கால் எப்படி இருக்கு?"

"வெரலு அசையுது டாக்டரம்மா. ஆபரேசனுக்குப் பொறவு கொஞ்சங் கொஞ்சமா வருது. மாத்திரை இன்னும் ஒரு வருசத்துக்கு இருக்கு."

"டிபின்னு தெரிஞ்சதும் எங்கிட்ட ஏன் வந்து சொல்லல?"

ஜவஹர் சங்கடத்தோடு சிரித்தார். "ஆஸ்பத்திரியில கேட்டாவ, முதல்ல எந்த டாக்டர் பாத்தாவன்னு. பேரு மறந்துட்டுன்னு சொல்லிட்டேன். பத்துப் பதினஞ்சு வருசமா எங்களைப் பாத்த டாக்டர். உங்க பேரு கெடக் கூடாதுல்லா. உங்ககிட்ட சொன்னா நீங்களும் வருத்தப்படுவிய."

ஜஹனாரா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"தப்பு என்னுது ஜவஹர். உங்ககிட்ட அதைச் சொல்லத்தான் வந்தேன். க்ளினிக்கை இந்த மாசத்தோட மூடறேன். இனிமே யாருக்கும் மருந்து எழுத மாட்டேன்."

ஏதோ கொண்டுவந்து கொடுப்பவள் போல அதைச் சொன்னாள். அதுவரை அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற தங்கபுஷ்பம் நிமிர்ந்தார்.

"மூடிட்டா இவுகளுக்குக் காலு வந்துருமா?"

"புஷ்பம், சும்மா இரு," என்றார் ஜவஹர்.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? அந்தக் கடையில முதுகு வலிக்குதுன்னு நிக்கது இவுக ஒருத்தர் மட்டுமா? அவ்வளவு பேரும் உங்ககிட்டதான வாராவ. நீங்க மூடிட்டா இன்னொரு டாக்டர் வருவாவ. அவுகளும் பெல்ட்டுல இருந்து ஆரம்பிச்சு, இன்னொருத்தர் காலை எடுத்துத்தான் இதைப் படிக்கணுமா? இவுக முதுகுல படிச்சிட்டு, நீங்க வீட்ல போய் உக்காந்துக்கிடுவியளா?"

தங்கபுஷ்பத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அவ அப்படித்தான் பேசுவா டாக்டரம்மா. மனசுல வச்சுக்கிடாதிய," என்றார் ஜவஹர்.

"இல்ல ஜவஹர். வச்சுக்கறேன்," என்றாள் ஜஹனாரா.

திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. கிண்டி தாண்டும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து, சர்டிபிகேட்டைக் கவுன்சில் தளத்தில் எப்படி ஏற்றுவது என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அழுதுகொண்டே செய்தாள்.