நாற்பதுக்குள் ஒரு விரால்

ஹபீபுல்லா ஒரு நாளைக்கு இரண்டாயிரம் முடிச்சுப் போடுகிறவர். தறியில் ஓடிக்கொண்டிருக்கிற பாவு தீர்ந்துபோனால், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்து முடிய வேண்டும். தென்காசியைச் சுற்றியுள்ள தறிக்கூடங்களில் அந்த வேலைக்கு அவரைத்தான் கூப்பிட்டு விடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும் விரல்கள் மட்டும் விடாமல் படித்துக்கொண்டே வந்துவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் அவர் முடிச்சு போட்டது தெரியாது, போட்டு முடித்ததுதான் தெரியும். ஐம்பதைத் தொடப்போகிற வயது. அதிர்ந்து பேசமாட்டார், ஐந்து வேளைத் தொழுகையை விடமாட்டார். அவரிடம் பெருமை என்று ஒன்று இருந்தால் அது அந்த முடிச்சு ஒன்றில்தான் இருந்தது.

மகள் சஃப்ரினுக்கு ஆடி மாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். தையல் ஆறுவதற்கு விரால் மீன் நல்லது என்று எல்லாரும் சொல்ல, மனைவி மாஜிதா சந்தையில் வாங்கி வந்து மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுக் குழம்பு வைத்தாள். சஃப்ரின் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளினாள்.

"பண்ணை மீனும்மா. தீவன வாடை அடிக்கு. குளத்து விரால்னா சாப்பிடுவேன்."

"குளத்து விராலுக்கு நான் எங்கட்டி போவேன்?" என்றாள் மாஜிதா.

அன்று இருபதாவது நாள். பேரன் ஹபீபுல்லாவின் மடியில் கிடந்து அவருடைய சுட்டு விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சந்தோஷத்தில் மனுஷனுக்கு வாய் தன்னால் பேசிவிட்டது.

"நாப்பது முடியுததுக்குள்ள வாப்பா என் கையால ஒரு குளத்து விரால் பிடிச்சுத் தாரேம்மா, இன்ஷா அல்லாஹ்."

நாற்பதாம் நாள் குளித்து முடித்தால் சம்பந்தி வீட்டார் வடகரையிலிருந்து வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போய்விடுவார்கள். தூண்டிலைக் கையால் தொட்டே அறியாதவருக்கு இருபது நாள்தான் தவணை.

மாஜிதா மகள் தள்ளி வைத்த தட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "படச்சவன் பேரைச் சேத்துச் சொல்லிட்டிய. இனி சந்தையில வாங்கிட்டு வந்து குளத்துல பிடிச்சேன்னு ஏமாத்த முடியாது, பாத்துக்கிடுங்க."

"நான் என்னைக்குட்டி ஏமாத்தியிருக்கேன்?"

"அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள். பிறகு அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தாள். அதற்குமேல் ஒரு ரூபாய் கேட்கக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

தென்காசியில் விஜயசங்கர் என்பவர் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். முன்பக்கம் கிரிக்கெட் மட்டையும் பந்தும், பின்பக்கம் தூண்டில் சாமான். ஹபீபுல்லா பணத்தை மேஜையில் வைத்து, "அண்ணாச்சி, இதுக்குள்ள ஒரு விரால் வரணும்," என்றார்.

"விரால் உங்க கையிலதான் பாய் இருக்கு. கம்பும் ரீலும் நான் தாரேன்."

முதலில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கி முழ நீளத்துக்குள் அடங்கிவிடுகிற கம்பு ஒன்றைக் காட்டினார். பார்க்க அழகாக இருந்தது, பைக்குள்ளும் போடலாம். ஹபீபுல்லா அதை நீட்டி லேசாக வளைத்துப் பார்த்தார். வளைவு ஒரே சீராக வராமல் ஒவ்வொரு பொருத்திலும் நின்று நின்று வந்தது. "இத்தனை பொருத்து எதுக்கு? எது பொருத்தோ அதுதான் முதல்ல விடும்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டே துண்டாக வருகிற ஏழடிக் கம்பில் நாலைந்தை எடுத்து வைக்கச் சொன்னார். சட்டைப்பையில் எப்போதும் கிடக்கிற பருத்தி நூல் துண்டை எடுத்து, கம்பிலுள்ள வளையம் ஒவ்வொன்றிலும் நுழைத்து மெல்ல இழுத்துப் பார்த்தார். இரண்டாவது கம்பின் நுனி வளையத்தில் நூல் பிசிறு தட்டியது. கண்ணுக்குத் தெரியாத கீறல்.

விஜயசங்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வளையத்தைப் பார்த்தார். "பத்து வருசமா கடை வச்சிருக்கேன். இப்படி ஒருத்தரும் பாத்ததில்லை."

"தறியில நூல் போற வழியெல்லாம் இப்படித்தான் பாப்போம் அண்ணாச்சி. வழி சரியில்லைன்னா நூலைக் குத்தஞ்சொல்லி என்ன செய்ய?"

ரீலும் அப்படித்தான். பெட்டியில் பதினோரு பேரிங் என்று போட்டிருந்த பளபளப்பான ரீலைக் காதோரம் வைத்துச் சுற்றினார். உள்ளே எதுவோ முனகியது. கைப்பிடியும் ஆடியது. மூன்றே பேரிங் உள்ள, கொஞ்சம் கனமான, பழைய மாடல் ஒன்று சத்தமில்லாமல் ஓடிற்று. விலையும் குறைவு. அதையே எடுத்துக்கொண்டார்.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. நூல் வாங்குகிற இடத்தில்தான் மனுஷன் சறுக்கினார்.

விஜயசங்கர் நாலு புரி நூலைக் கொடுத்தார். கொஞ்சம் சொரசொரப்பு, விலை குறைவு, பாசிக்கும் தாமரைத் தண்டுக்கும் அதுவே போதும் என்றார். ஹபீபுல்லாவின் கண்ணோ பக்கத்திலிருந்த எட்டுப் புரி நூலில் நின்றுவிட்டது. விரலால் நீவிப் பார்த்தார். ஒரு திரட்டு இல்லை, ஒரு பிசிறு இல்லை. வாழ்நாள் முழுக்க இப்படி ஒரு நூல் பாவுக்கு வராதா என்று ஏங்கியவர் அவர். கம்பிலும் ரீலிலும் மிச்சம் பிடித்ததையெல்லாம் அந்த நூலிலேயே போட்டுவிட்டார். மீதியில், இரைக்குப் பதிலாகப் போடுகிற, கொக்கி வைத்த ரப்பர் தவளை இரண்டு கிடைத்தது.

"முடிச்சு எப்படிப் போடணும்னு காட்டித் தாரேன், இருங்க பாய்."

ஹபீபுல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முடிச்சா? எனக்கா அண்ணாச்சி?"

சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் ஒரு குளம். மீன் குத்தகைக்காரருக்காக அங்கே காவல் இருப்பவர் மாடன். குத்தகைக்காரர் விட்ட கெண்டைக் குஞ்சுகளை விரால் தின்றுவிடும் என்பதால், விரால் பிடிக்க வருகிறவர்களை மாடன் தடுப்பதில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தது என்று அவருக்கும் சந்தோஷம்.

சுபுஹு தொழுதுவிட்டு, சாரலில் நனைந்தபடி வண்டியை எடுத்துக்கொண்டு ஹபீபுல்லா அங்கே போய்விடுவார். முதல் நாலு நாள் தவளை தண்ணீரைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. கருவேல மரத்தில் தொங்கியது, ஒருமுறை மாடனின் துண்டைப் பிடித்துக்கொண்டது.

"பாய், என்னையப் பிடிச்சா மக சாப்பிடமாட்டா," என்றார் மாடன்.

ஐந்தாம் நாளிலிருந்து தவளை சொன்ன இடத்தில் விழ ஆரம்பித்தது. அந்த ஊர் வயல்களில் பூத்திருந்த சூரியகாந்தி பார்க்க வந்தவர்கள் கரையில் இறங்கி அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மீன் எங்கே என்று கேட்டபோது அவர் தண்ணீரைக் கையால் காட்டினார்.

முப்பத்தொன்றாம் நாள். அல்லி இலைகளுக்கு நடுவே தத்தித் தத்தி வந்த தவளையைத் தண்ணீர் வாயைத் திறந்து விழுங்கினதுபோல் ஒரு சத்தம். கம்பு வில்லாக வளைந்தது. உள்ளே இழுத்த கனத்தைப் பார்த்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாது. ஹபீபுல்லா பிஸ்மி சொல்லி இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார், கை சட்டென்று லேசாகிவிட்டது. நூல் மட்டும் வெறுமனே வந்தது.

மாடன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அறுத்துட்டுப் போயிட்டோ?"

ஹபீபுல்லா நூலின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அறுந்த நூலாக இருந்தால் முனை பூப்போல விரிந்து நிற்கும். இது விரியவில்லை, சுருண்டிருந்தது. அவருக்கு முகம் வாடிப்போயிற்று.

"அறுக்கல அண்ணாச்சி. முடிச்சு உருவிட்டு."

மாடன் சிரிப்பை அடக்கிப் பார்த்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. "நீங்க என்ன தொழில்னு சொன்னிய பாய்?"

அன்று முழுதும் ஹபீபுல்லாவுக்கு இரண்டு கவலை. வாக்கு ஒன்று. வாயில் கொக்கியோடு போன மீன் இன்னொன்று. அஸர் தொழுதுவிட்டு, அந்தக் கொக்கி எப்படியாவது கழன்றுவிட வேண்டும் என்று அதற்கும் சேர்த்தே துஆ கேட்டார்.

சாயங்காலம் வீட்டு ஜன்னல் கம்பியில் அதே நூலை அதே முடிச்சால் கட்டி, மறு முனையைத் துண்டில் சுற்றி மாஜிதாவிடம் கொடுத்தார்.

"இழுட்டி."

"எவ்வளவு இழுக்க?"

"விரால் மாதிரி இழு."

மாஜிதா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தாள். முடிச்சு வெண்ணெய்போல் வழுக்க, துவைத்து வைத்த துணிக் குவியலில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தாள். கட்டிலில் கிடந்த சஃப்ரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க வாப்பா, தையல் இழுக்கு," என்று கெஞ்சினாள்.

விஷயம் ஹபீபுல்லாவுக்குப் பிடிபட்டுவிட்டது. பருத்தி நூலுக்கு மேலெல்லாம் பஞ்சு. ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளும். அதனால்தான் சின்ன முடிச்சே போதும். இந்த நூலில் கடிக்க ஒன்றுமே இல்லை. எந்த வழவழப்பைப் பார்த்து ஆசைப்பட்டாரோ அதுவேதான் கவிழ்த்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு நேராக விஜயசங்கர் கடைக்குப் போனார். "அண்ணாச்சி, அன்னைக்குக் காட்டித் தாரேன்னு சொன்னியள்லா. இப்பக் காட்டுங்க."

விஜயசங்கர் கிண்டல் செய்யவில்லை. நூலை இரண்டாக மடித்துத் தவளையின் மூக்கு வளையத்துக்குள் விட்டார். மடிப்போடு சேர்த்து ஒரு சாதா முடிச்சு போட்டார், இறுக்கவில்லை. மடிப்பின் காதுக்குள் தவளையை முழுசாக நுழைத்து எடுத்தார். எச்சில் தொட்டு நனைத்து மெல்ல இழுத்தார். "நனைக்காம இழுத்தா சூடு பிடிச்சு நூல் நொந்துபோவும். இரட்டை நூல் உக்காருததுனால வழுக்காது." அவர் மூன்று தடவை செய்து காட்டினார். ஹபீபுல்லாவுக்கு இரண்டாம் தடவையே வந்துவிட்டது. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் கம்பியில் கட்டி மாஜிதாவைக் கூப்பிட்டார். அவள் முதலில் பின்னால் தலையணை போட்டுக்கொண்டாள். இழுத்தாள், இழுத்தாள், ஜன்னல் கதவுதான் ஆடிற்று.

அடுத்த நாள் குளத்துக்குப் போனபோது மாடன் மடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். போன தவளை. பாசியில் மிதந்ததாம். "உங்க தவளை வந்துட்டு. மீன் வரல." மீன் கொக்கியைத் துப்பிவிட்டது என்று கேட்டதும் ஹபீபுல்லா அல்ஹம்துலில்லாஹ் சொன்ன சந்தோஷத்தைப் பார்த்து, இந்த ஆள் எந்தக் கட்சி என்று மாடனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நாள்தான் நிற்கவில்லை. முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தேழு. முடிச்சு உறுதியாக இருந்தது, கடிக்கத்தான் மீனில்லை. முப்பத்தொன்பதாம் நாள் காலையில் மாடன் கரையோரமாகப் பதுங்கிப் பதுங்கி வந்து கையைக் காட்டினார்.

"பாய், அங்கன பாருங்க."

தாமரை இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் ஒரு தட்டளவு கொதிப்பதுபோல் குமிழியிட்டது. செக்கச் செவேலென்று நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள். மேலே வருவதும் அமிழ்வதுமாக ஒரே கூட்டமாக நகர்ந்தன.

"பெத்த தள்ளை அடியில நிக்கும். குஞ்சுக்கு நடுவுல தவளையப் போடுங்க. பசி இருக்கோ இல்லையோ, பிள்ளையக் காப்பாத்தப் பாஞ்சு கடிக்கும். தப்பவே தப்பாது. நாளையோட உங்க தவணையும் முடியுது."

ஹபீபுல்லா கம்பை ஓங்கினார். கணக்காக எடுத்துப் போட்டால் நடுவில் விழுகிற தூரம்தான். குஞ்சுக் கூட்டத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு முதுகு லேசாகத் திரும்பியது. முப்பத்தொன்பது நாளாக இரவில் மூன்று தடவை எழுந்து பால் கொடுக்கிற மகளின் தூக்கமில்லாத கண் நினைவுக்கு வந்தது. ஓங்கிய கையைக் கீழே விட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி. பிள்ளை பெத்தவளுக்கு, பிள்ளை பெத்ததப் பிடிச்சா கொடுக்க?"

மாடன் தலையில் கை வைத்தார். "மீனுக்கும் நாப்பது பாக்கணுமா பாய்?"

"பாத்தா என்ன, கொறஞ்சா போயிருவோம்?"

இருவரும் உட்கார்ந்து அந்தச் சிவப்புக் கூட்டம் இலைகளுக்குள் மறைகிறவரை பார்த்தார்கள். அன்றைக்கு வெறுங்கையோடு வந்தவரிடமிருந்து மாஜிதா கம்பை வாங்கிச் சுவரில் சாத்தினாள். நடந்ததைச் சொன்னபோது, "நல்லது செஞ்சிய," என்று மட்டும் சொல்லிவிட்டு டீ போடப் போனாள். ஆனால் மனுஷனுக்கு அன்றிரவு தொழுகையில் நிற்கும்போது கூட வாக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

நாற்பதாம் நாள். வீட்டில் சஃப்ரின் குளிக்க அடுப்பில் வெந்நீர் ஏறியிருந்தது. ஹபீபுல்லா குஞ்சுகள் கிடக்கிற பக்கமே போகாமல் எதிர்க்கரையில் மடைக்குப் பக்கத்தில் நின்றார். எண்பது தடவைக்குக் குறையாமல் எறிந்திருப்பார். தோள் விட்டுப்போயிற்று. மாடனும் அன்றைக்குக் கிண்டல் பண்ணாமல் வேப்பங்குச்சியை மென்றுகொண்டு தள்ளி நின்றார்.

மடைக்கல்லின் நிழலில் தவளை இரண்டு தத்து தத்தியது. லபக்கென்று ஒரு சத்தம். உடனே இழுக்காமல் ஹபீபுல்லா பிஸ்மியை முழுசாகச் சொல்லி முடித்தார், நூல் விறைத்தது, அப்புறம்தான் கம்பைத் தூக்கினார். மீன் பாசிக்குள் பாய்ந்தது. எட்டுப் புரி நூல் கிண்ணென்று நின்றது. மாடன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"விடாதிய, விடாதிய, இந்தா வருது."

கரையில் ஏறிய விரால் முக்கால் கிலோதான் இருக்கும். ஹபீபுல்லா அதன் வயிற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். சினை இல்லை. மாடனை அப்படியே கட்டிக்கொண்டார். நனைந்த ஆளைக் கட்டிக்கொண்டதில் அவர் சட்டையும் நனைந்தது.

மாஜிதா மீனைப் பார்த்துவிட்டு, "இருபது நாள் அமளிக்கு இவ்வளவுதானா?" என்றாள். என்றாலும் அரிவாள்மனையை எடுக்கிற வேகத்திலேயே சிரிப்பு தெரிந்தது. ஆறு துண்டு வந்தது. மிளகும் பூண்டும் தட்டி, நல்லெண்ணெய் விட்டு, அடுப்பைச் சிறிதாக வைத்துக் கொதிக்க விட்டாள்.

சஃப்ரின் குளித்து, ஈரத் தலையில் துண்டோடு வந்து உட்கார்ந்தாள். முதல் வாய் வைத்தபோது வாப்பாவும் உம்மாவும் மூச்சுவிடாமல் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் மென்று விழுங்கினாள். இரண்டாம் துண்டை எடுத்தாள், பிறகு மூன்றாவது. ஐந்தாவது துண்டில்தான் நிமிர்ந்து, "நீங்க ரெண்டு பேரும் சாப்பிடலியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஆறாவதையும் எடுத்துக்கொண்டாள்.

மதியத்துக்குமேல் வடகரையிலிருந்து சம்பந்தி ஜன்னத் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வாசலிலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "விரால் குழம்பா மாஜிதா? குளத்து விரால் மாதிரில்லா மணக்கு," என்று நேரே அடுப்படிக்குப் போனாள்.

சட்டி காலியாக இருந்தது. ஜன்னத் கரண்டியால் ஒரு சுற்று வழித்துப் பார்த்தாள்.

"முள்ளாவது மிச்சம் வச்சிருக்கப்படாதா," என்றவள், கூடத்தில் பேரனை மடியில் வைத்திருந்த ஹபீபுல்லாவைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, எங்க வடகரையிலயும் குளம் இருக்கு. பிள்ளையப் பாக்க வாரப்ப வெறுங்கையோட வராதிய."

ஹபீபுல்லாவின் வாய் தன்னால் திறந்தது. மாஜிதா ஓடி வந்தாள். "ஒண்ணும் சொல்லிராதிய, ஒண்ணும் சொல்லிராதிய," என்று அவர் வாயைக் கையால் பொத்தினாள்.