பதிமூன்றாவது பாட்டிலும் என் ஸ்கூட்டரும்

எண் போட்டுக்கொள்ளாமல் எழுத எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. என் பழைய ஸ்கூட்டர் ஏன் அப்படி ஆடியது.
2. அந்த ஆட்டத்தை நிறுத்த நான் செய்தவை.
3. அந்த ஆட்டத்தால் ஒரு பெண்மணிக்கு வந்த கெட்ட பெயரும், அதை நான் சரிசெய்ததும்.

உசிலம்பட்டி சாலையில் வேகம் நாற்பதைத் தொட்டால் ஹேண்டில் பாரிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பும். மணிக்கட்டு வழியாக ஏறித் தாடை வரைக்கும் வரும். மதுரைக்கு வந்து இறங்கிய பிறகும் அரை மணி நேரம் உள்ளங்கை அரித்துக்கொண்டே இருக்கும்...

எண்பதுகளின் தொடக்கம். கிராமத்துப் பால் சங்கங்களுக்குப் போய், ஒவ்வொருவர் பாலிலும் ஒரு சின்ன பாட்டிலில் மாதிரி எடுத்து, மதுரையில் கொழுப்புச் சோதனை செய்வது என் வேலை.

வண்டி ஆடியதற்குக் காரணம், என்ஜினைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தது. நானோ சத்தம் வரும் இடங்களை நோட்டில் எழுதிவைத்து ஒவ்வொன்றாகத் துரத்தினேன். ஸ்டெப்னி நட்டை இறுக்கினேன். பக்கவாட்டு மூடிக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன். நம்பர் பிளேட்டுக்கு வாஷர் போட்டேன். ஒன்று அடங்கினால், அதுவரை கேட்காத இன்னொன்று கேட்கும்.

காளவாசல் மெக்கானிக் சிரிப்பார்.

"சார் வண்டி அரசரடியில வாரப்பவே எனக்குக் கேட்டுரும். டீயைக் குடிச்சு முடிச்சுட்டு ஸ்பேனரை எடுத்தாச் சரியா இருக்கும். புஷ்ஷை மாத்துங்க சார். டியூபை வெட்டி வெட்டி வண்டிக்கே ரப்பர் சட்டை தச்சுட்டீக."

"அடுத்த வாரம் பாக்கலாம்" என்பேன். பல மாதங்கள் அப்படியே போயின.

உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு சின்ன சங்கம். பதிமூன்று பேர் பால் ஊற்றினார்கள். என் மரப்பெட்டியிலோ பன்னிரண்டு பாட்டிலுக்குத்தான் துளை. அந்தப் பெட்டியைப் பின்சீட்டில் போர்வை மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்துக் கட்டுவேன். பதிமூன்றாவதைத் துணியில் சுற்றி, தகர டிக்கிக்குள் படுக்க வைப்பேன். அது, சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பேச்சியம்மாளின் பால். ஓர் எருமை வைத்திருந்தார்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போன வாரத்து முடிவுகளைப் பால் ஊற்ற நிற்கும் வரிசைக்கு முன்னால் நான் சத்தமாக வாசிக்க வேண்டும். பலருக்கு எழுத்து தெரியாது என்பதால் அந்த ஏற்பாடு. பேச்சியம்மாளுக்கு மட்டும் கொழுப்பு குறைவு என்று வாசித்தேன். அடுத்த வாரமும் அதையே வாசித்தேன். கொழுப்பு குறைவென்றால் அந்த வரிசைக்கு ஒரே அர்த்தம்தான்: தண்ணீர்.

"என்ன பேச்சியக்கா, எருமையக் கெணத்துக்குள்ள நிப்பாட்டியா கறக்குற?" என்றார் பின்னால் நின்றவர். வரிசையே சிரித்தது.

"என் எருமை தண்ணிதாண்டா குடிக்குது. ஒன்னைய மாதிரி கண்டதையும் குடிக்கல" என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது வாரமும் குறைந்தால் சங்கம் அவர் பாலை எடுக்காது.

என் பக்கம் திரும்பினார்.

"சார், ஒரே கறவையில ரெண்டு பாட்டில் எடுங்க. ஒன்னை நீங்க கொண்டு போங்க. இன்னொன்னை நான் மடியில வச்சுக்கிட்டு பஸ்ல வாரேன். பாத்துருவோம்."

விதியில் இதற்கு இடமுண்டா என்று தெரியவில்லை. இருந்தும் "வாங்கம்மா" என்றேன். இரண்டு பாட்டிலுக்கும் மூடியில் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

மதுரையில் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் கொண்டுவந்தது பாலாகவே இருந்தது. என்னுடையதில் கழுத்து வரைக்கும் வெள்ளைக் குருணையாக வெண்ணெய் ஒட்டியிருந்தது. அத்தனை தூரமும் என் டிக்கி அதைக் கடைந்திருக்கிறது. திரண்டதைக் கவனிக்காமல் மிச்சப் பாலைத்தான் இரண்டு வாரமும் சோதித்திருக்கிறேன்.

பேச்சியம்மாள் என் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"அம்புட்டுப் பேருக்கு முன்னாடி படிச்சீகள்ல... இதையும் அங்கனயே படிச்சிருங்க சார்."

"படிக்கிறேம்மா" என்றேன்.

அந்த வாரமே புஷ்ஷை மாற்றினேன். பெட்டியில் பதிமூன்றாவது துளை போட்டேன். 'மாதிரி கொண்டுசெல்லும் முறையில் குறை' என்று கடிதம் எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் அதை ஃபைலில் வைத்தார். பேச்சியம்மாளின் பாலைத் தொடர்ந்து எடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வரிசைக்கு முன்னால் நின்றேன். கடிதத்தின் நகல் சட்டைப் பையில் இருந்தது. பதிமூன்று பேரின் முடிவையும் வாசித்தேன். பேச்சியம்மாளுக்கு நல்ல கொழுப்பு என்றும் வாசித்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை... என் தவறு என்று சொன்னால் அடுத்த வாரம் யார் என்னை நம்புவார்கள் என்ற பயம்.

"பாத்தியா, அக்கா தண்ணிய நிப்பாட்டிருச்சு" என்றார் பின்னால் நின்றவர்.

மறுபடியும் சிரிப்பு. நான் ரிஜிஸ்டரில் குனிந்துகொண்டேன். பேச்சியம்மாள் கடைசி ஆள் பால் ஊற்றும் வரை ஓரமாக நின்றார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று என் மகன் ஓட்டும் வண்டியில் ஏறினால் அது ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரிவதில்லை. சங்கங்களிலும் இப்போது பாலை ஊற்றியதும் மிஷினே அங்கேயே கொழுப்பு இவ்வளவு என்று எல்லோருக்கும் காட்டிவிடுகிறதாம். நல்லது. எனக்கு இடுப்பு வலிதான் மிச்சம். அசதியாக இருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, தொடக்கத்தில் போட்ட பட்டியலைப் படித்தேன். மூன்றாவதில் 'சரிசெய்ததும்' என்று போட்டிருக்கிறேன். அது தவறு.

நான் சரிசெய்தது வண்டியை மட்டும்தான்.