வளைவில் நின்று சொன்ன பெயர்

கிழக்கேகோட்டை ஜவுளிக்கடையில் என்னோடு வேலை பார்த்த செல்வியும் ரமணியும் நானும் முதுகுப்பையோடு பொன்முடி மலையைச் சுற்றி மூன்று நாள் நடந்தோம். ஒவ்வொரு வளைவிலும் அவரவர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது செல்வியின் கண்டிப்பு. எனக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டாம் நாள் சொல்லாமலே முன்னால் போய்விட்டேன்.

பனிமூட்டத்தில் வழி மாறிவிட்டது. எதிரே யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. அசையாமல் நின்றேன். தூரத்தில் இருவரும் தங்கள் பெயரை விடாமல் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல்களைப் பிடித்துத் திரும்பினேன்.

"இனி பேரு சொல்லாம போவாத, கேட்டியா" என்றாள் செல்வி.

இப்போது செல்வி மஸ்கட்டில், ரமணி கோவையில். லீவு நாளில் நான் தனியே பொன்முடிக்குப் போகிறேன். வளைவு வந்தால் என் பெயரை உரக்கச் சொல்கிறேன். இன்னும் இரண்டு பெயர் சொல்லும் நேரம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறேன்.