படத்தில் இல்லாத கொடிக்காரி

சாலைப் பராமரிப்புக் குழுவில் அவளை எல்லோரும் கொடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாக ஒரே வேலை. ஆட்கள் பள்ளம் அடைக்கும் இடத்துக்கு நூறடி முன்னால் நின்றுகொண்டு, சிவப்புக் கொடி காட்டி வண்டிகளை நிறுத்துவாள். பச்சை காட்டி விடுவாள். லாரிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். "அவன் என்னையா திட்டறான்? சிவப்பைத் திட்டறான்" என்பாள்.

சான்றிதழ் இல்லாதவர்கள் இனி சாலையில் கால் வைக்கக்கூடாது என்று நகராட்சியிலிருந்து உத்தரவு வந்தது. இரண்டு நாள் பயிற்சி, முடிவில் தேர்வு. பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த மகள், "இதெல்லாம் நீ எனக்கே சொன்னதுதானேம்மா" என்று சிரித்தாள். அந்தத் தைரியத்தில்தான் போனாள்.

இரண்டாம் நாள் காலை, பயிற்சியாளர் திரையில் ஒரு படத்தைப் போட்டார்.

"இதுல என்னென்ன தப்பு இருக்கு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

பாதி அடைத்த பள்ளம். உருண்டு கிடந்த மூன்று போக்குவரத்துக் கூம்புகள். நடைபாதைமேல் ஏறி நின்ற கார். பக்கத்தில் ஒற்றை ரப்பர் பூட்ஸ். அதன் கிழிசலில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப், அவள் கையால் ஒட்டியது. குழுவில் எல்லோருக்கும் மாமாவாக இருந்தவருடைய பூட்ஸ். தார்க்கலவையைச் சமப்படுத்திக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து அந்தக் கார் அடித்து இரண்டு வருடம் ஆகிறது.

வேறு குழுக்களின் ஆட்களுக்கு இது தெரியாது. "கூம்பு பத்தல சார்" என்றார் ஒருவர். "முன்னாடி எச்சரிக்கைப் பலகை வைக்கல" என்றார் இன்னொருவர். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கொடி பிடிக்க ஆளே இல்ல சார்."

"அதான் பெரிய தப்பு" என்று பயிற்சியாளர் பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

அவள் எழுந்து நின்றாள். "ஆள் இருந்துச்சு சார். நான்தான்."

பயிற்சியாளர் பலகையிலிருந்து திரும்பினார். அவள் தொடர்ந்தாள்.

"அன்னைக்கு ரெண்டு பேர் வரல. கலவை ஆறிப்போகுது, கொடியை வெச்சுட்டு வந்து அள்ளுன்னு சொன்னாங்க. போனேன்."

யார் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் குழுவின் சூப்பர்வைசர் திரும்பிப் பார்க்கவில்லை.

பயிற்சியாளருக்கு முகம் செத்துப்போய்விட்டது. "எனக்குத் தெரியாதும்மா. மேல குடுத்த படம் இது."

"பரவால்ல சார். ஆள் குறைஞ்சா என்ன பண்ணணும்னு இதுல போட்டிருக்கா?"

அவர் பயிற்சிப் புத்தகத்தின் பக்கங்களைத் தள்ளினார். "வேலையை நிறுத்தணும்னு இருக்கு."

"நிறுத்தினா மேல கேப்பாங்களே?"

"அது... என் பாடத்துல வராதும்மா."

சாப்பாட்டு இடைவேளையில், கை கழுவும் குழாயடிக்கு சூப்பர்வைசர் வந்தார். "என் பேரைச் சொல்லியிருக்கலாம் நீ."

"சொன்னா மாமா எந்திரிச்சு வரப் போறாரா?"

"ஆள் வேணும்னு நான் எத்தனை தடவை எழுதிக் கேட்டேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

உண்மையிலேயே தெரியும். அதுதான் கஷ்டம். கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தாலாவது மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

தேர்வில் ஒரு கேள்வி: கொடி பிடிப்பவரை வேறு வேலைக்குக் கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும்? 'இடத்தை விட்டு நகரக்கூடாது' என்ற பதிலுக்கு நேராக டிக் அடித்தாள். தேறினாள். பிளாஸ்டிக் உறையில் அட்டை கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வேலை. அன்றைக்கும் ஒரு ஆள் குறைவு. "நீ கொடியை விட்டு நகராதே" என்று சூப்பர்வைசரே சொன்னார். மூன்று ஆண்களும் முதுகு ஒடிய அள்ளியும் கலவை பாதி ஆறி இறுகிவிட்டது. நாலு பள்ளத்தில் இரண்டுதான் முடிந்தது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள், வேலை ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டு சூப்பர்வைசருக்குக் கடிதம் வந்தது. ஆள் பற்றாக்குறை என்று எழுதினார். இருக்கும் ஆட்களை வைத்து முடிக்கவும் என்று பதில் வந்தது.

நாலாம் நாள் அவர் அவளிடம் நடந்து வந்தார். கூப்பிடவில்லை. பக்கத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வண்டியிலிருந்து கொட்டிய கலவை ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"பத்து நிமிஷம்" என்றார் கடைசியில், தொண்டைக்குள்ளேயே.

அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். சிவப்புக் கொடியை ஒரு கூம்பின் ஓட்டையில் செருகினாள். காற்றில் அது சாய்ந்தது. இரண்டு கல் வைத்து நிமிர்த்தினாள். பிறகு போய் மண்வெட்டியை எடுத்தாள். மற்றவர்கள் பள்ளத்தைப் பார்த்து வேலை செய்தார்கள். அவள் மட்டும் வண்டிகள் வரும் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டு, குனியாமல், கைக்கு எட்டினதை அள்ளிப் போட்டாள்.