அக்கா கேட்பாள், நான் பதில் பாடுவேன்

இரத்தோட்டைப் பக்கத்து இசைக்குழு ஒன்றில் நானும் அக்காவும் பாடினோம். கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலேயே, அதே வரிசை வீடுகளில் குடியிருந்தவள், என்னைவிட மூத்தவள். கல்யாணம், கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடமெல்லாம் போவோம். சினிமாப் பாட்டோடு தோட்டத்து நாட்டுப்பாட்டும் பாடுவோம். கொழுந்து பறிக்கிற இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்கிற பாட்டுக்குத்தான் கைதட்டல் அதிகம். அதில் அக்கா கேட்பாள், நான் பதில் பாடுவேன்.

பிறகு அவள் கழுத்தில் கட்டி வந்தது. கண்டியில் ஒப்பரேஷன் செய்தார்கள். கண் விழித்தபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. போகப் போகச் சரியாகும் என்றார் தாதி. காதருகே வந்து சொன்னால் கேட்கிற அளவுக்கு மேல் அந்தக் குரல் திரும்பவே இல்லை.

“அவங்க இனி எதுக்கு? வேன்ல எடமும் இல்ல,” என்றார் குழுவை நடத்திய மாஸ்டர்.

“அக்கா வராட்டி நானும் வரல்ல மாஸ்டர்.”

அவளுக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. ஆண்கள் நிறைந்த வேனில் என்னைத் தனியே அனுப்ப என் புருஷன் சம்மதிக்க மாட்டார். அக்காவுக்கோ, அறைக்குள்ளேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அதனால் எப்போதும்போல் சேர்ந்தே போனோம். மேடைக்குக் கீழே, என் கண்ணில் படுகிற மாதிரி உட்காருவாள். அவளுடைய வரிகளை மாஸ்டர் கீபோர்டில் வாசிப்பார். அப்போது அவள் உதடு அசையும். அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிப் பாடுவேன்.

கலேவெலயில் ஒரு கல்யாணம், பகல் விருந்து. மண்டபத்துக்குப் பின்னால் சாமான் அறையில் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அக்கா வெளியே முதுகைக் கொடுத்து நின்றாள்.

“பாட்டுக்காரியப் பாக்கணும், தள்ளு!” என்று ஓர் ஆண் குரல். குடித்திருந்தான். கதவு குலுங்கியது. திடீரென்று தகரத்தில் ஓங்கி ஓங்கி அடிக்கும் சத்தம். கத்த முடியாத அக்கா, அங்கே கிடந்த சட்டி மூடியை எடுத்துச் சுவரில் அடித்திருக்கிறாள். ஆட்கள் ஓடி வருவதற்குள் அவன் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டான். சேலையை அள்ளிச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். சீமெந்துப் படியில் கிடந்தாள். மணிக்கட்டு கோணலாகத் திரும்பியிருந்தது.

“இப்பிடி ஊரைக் கூட்டுனா இனி யாரு நம்மளக் கூப்பிடுவாங்க?” என்றார் மாஸ்டர்.

“கையப் பாருங்க மாஸ்டர், ஒடஞ்சு கெடக்கு!”

“அவங்கள யாரு வரச் சொன்னா?”

அவர் பார்க்கவே இல்லை. தள்ளியவன் மாப்பிள்ளை வீட்டு ஆள். அவனை நாற்காலியில் உட்கார வைத்துச் சோடா கொடுத்தார்கள்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அக்காவின் முகம் சுருங்கியது. வலியில் கத்தக்கூட அவளால் முடியவில்லை. பொலிசுக்குப் போவோம் என்றேன். என் காதருகே வந்தாள்.

“வேணாம் புள்ள. நீ ஏன் அங்க போனேன்னு ஒன்னையத்தான் கேப்பாங்க.”

நாங்கள் போகவில்லை. மாஸ்டர் வேறு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். போதும், இனிப் பாட வேண்டாம் என்றார் புருஷன்.

இப்போது இருவருக்கும் அலுவிகாரையில் ஏலம், கராம்பு விற்கிற ஒரு வாசனைத் திரவியக் கடையில் வேலை. அக்காவின் மணிக்கட்டு எலும்பு நேராகப் பொருந்தவில்லை. பொதி கட்ட அவளால் முடியாது. உட்கார்ந்து கராம்பு பொறுக்குவாள். சுணங்குகிறாள் என்று சூப்பவைசர் ஏசுவதற்குள் என் கூடையிலிருந்து கொஞ்சம் அவள் கூடைக்குப் போகும்.

போன புதுவருஷத்துக்குக் கடையில் விருந்து வைத்தார்கள். கூட வேலை செய்யும் பெண்கள் என்னைப் பாடச் சொன்னார்கள். மறந்துபோச்சு என்றேன். அக்கா என்னை இழுத்துக் காதில் சொன்னாள்: “எனக்காக நீ வாயடைச்சு இருக்காத. பாக்கவே பத்திக்கிட்டு வருது.”

அப்படியும் பாடவில்லை. வாய் வரவில்லை. திரும்பிப் போகும் பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் வழக்கம்போல் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தாள். பாட்டைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை.